ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு கபடிக்குத் திரும்ப

ஏசிஎல் என்பது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் லிகமெண்ட், அதாவது தசைநார். அது கிழிந்து ஆபரேஷன் முடிந்த நாலைந்து மாதத்தில் முட்டி வலி போய்விடும், படி ஏறலாம், பைக் ஓட்டலாம், லேசாக ஓடக்கூட முடியும். ஆபத்தே இங்கேதான். தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்துப் பொருத்திய நாண், ரத்த ஓட்டம் பிடித்து லிகமெண்டாக மாற மாதக்கணக்கில் ஆகும், நடுவில் வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகவும் ஆகும், இது எதுவும் வலியில் தெரியாது. அதனால் ஊர்த் திருவிழா மேட்ச், ஆள் குறைகிறது என்று யார் கூப்பிட்டாலும் 9 மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்காதீர்கள். லிவர்பூல் கால்பந்து வீரர் வான் டைக் 2020 அக்டோபரில் இதே ஏசிஎல்லில் அடிபட்டு, அந்த சீசனில் மீதி முழுவதும் வெளியே இருந்தார், அடுத்த கோடையில் யூரோ கோப்பையையும் விட்டுவிட்டார்.

முதல் சில வாரங்களில் ஒன்றை மட்டும் விடாமல் பிடியுங்கள்: கால் முழுசாக நீள வேண்டும். குதிகாலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்துப் படுத்து, முட்டியைக் கீழே தொங்க விடுங்கள். ஏசிஎல்லோடு சேர்த்து ஜவ்வுக்கும் (மெனிஸ்கஸ், முட்டி எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது) தையல் போட்டிருந்தால் மடக்குவது, ஊன்றுவது எல்லாம் டாக்டர் சொன்ன கணக்குப்படிதான்.

வீக்கத்தைத் தினமும் பாருங்கள். முட்டியின் உள்பக்கத்தை உள்ளங்கையால் மேல்நோக்கித் தடவிவிட்டு, வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழே தடவினால், உள்பக்கம் நீர் புடைத்து வருகிறதா என்று தெரியும். வந்தால் நேற்றைய பயிற்சி அதிகம், குறையுங்கள். வீக்கம் இல்லாமல், ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழும்போது முட்டி உள்ளே சாயாமல் இருந்தால் மூணு நாலு மாதவாக்கில் நேர்க்கோட்டு ஓட்டம் பற்றி பிசியோவிடம் பேசலாம்.

அப்புறம் சோதனை. தரையில் சாக்பீஸ் கோடு போட்டு ஒற்றைக்காலில் தாண்டுங்கள், விழுந்த இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். நல்ல கால் 150 செ.மீ. தாண்டினால் ஆபரேஷன் கால் குறைந்தது 135 தாண்டணும், அதாவது 90 சதவீதம். ஆனால் இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து முட்டியின் பலவீனத்தை மறைத்துவிடும், தாண்டுவதில் பாஸ் ஆனவர்கள் தொடை பலத்தில் ஃபெயில் ஆவது சகஜம். முன்தொடை பலத்தை மெஷினில் தனியாக அளக்கச் சொல்லுங்கள், அதற்கும் அதே 90. நல்ல காலும் சும்மா இருந்து இளைத்திருக்கும், அதனால் அதோடு ஒப்பிட்டு வரும் 90 உண்மையைவிட நன்றாகத் தெரியலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

இதெல்லாம் தேறினால் களம். முதலில் தனியாக ஃபுட்வொர்க், பிறகு தெரிந்த பக்கம் திரும்புவது, பிறகு ஒருவர் கத்தும் பக்கம் சட்டென்று திரும்புவது. அடுத்து ஒரே ஒரு கேட்ச்சர், மெதுவாகப் பிடிக்க வேண்டும். காலை ஊன்றித் திரும்பும்போது கணுக்காலைப் பிடிப்பதுதான் முட்டிக்கு மோசமானது, அதைக் கடைசியில் வையுங்கள். சில வாரம் முழுப் பயிற்சியில் தாங்கினால்தான் மேட்ச், அதிலும் முதலில் நாலு ரெய்டு போதும். அந்தக் காலை ஊன்றவே மனசு தயங்குகிறதென்றால் இன்னும் பொறுங்கள், தயங்கித் தயங்கி ஆடினால்தான் கால் கோணலாக விழும்.

இருபதை ஒட்டிய வயசுக்காரர்களுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம், சில சமயம் மற்ற முட்டியிலேயே. ஆகவே பலப் பயிற்சியை இரண்டு காலுக்கும் தொடருங்கள். முட்டி திடீரென்று நழுவினாலோ பூட்டிக்கொண்டாலோ அன்றோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.