முதல் நூறு அத்தியாயத்தை நம்பி மதிப்பெண் போடாதீர்கள்

போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி தான் எழுதிய விமர்சனத்தை அனுப்பியிருந்தான். ஏர் கென் எழுதி 2016-இல் சீனத்தில் தொடராக வரத் தொடங்கிய 'எ வில் எடர்னல்' நாவலைப் பற்றி. பலம் ஐந்து, பலவீனம் ஐந்து, பத்துக்கு ஒன்பது. எத்தனாவது அத்தியாயத்தில் இருக்கிறாய் என்று கேட்டேன். "நூத்திப் பத்துண்ணா."

என் பழைய கூத்து அப்படியே கண் முன்னால் வந்தது. எழுத்துப்பிழை பார், முடிவைப் போட்டு உடைக்காதே என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் அடிபட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்புக் கருவியை நம்புவது

தவமும் பயிற்சியுமாகச் சக்தியை வளர்த்துச் சாகாநிலை தேடுவதுதான் இந்தக் கதைகளில் 'கல்டிவேஷன்'. கருவி அதைச் 'சாகுபடி' ஆக்கிவிடும். சாகாமல் இருக்கப் பாடுபடுகிறவனுக்கு!

நாயகன் கோழை என்று குறை எழுதுவது

பாய் சியாவ்சுன் சாவுக்குப் பயந்தவன். அதற்காகத்தான் சாகாவரம் தேடிப் போகிறான். மற்ற சியான்ஷியா (இந்த மாதிரி சாகாநிலை தேடும் சீன மாயக்கதை) நாயகர்கள் பழிவாங்க, குலப்பெருமை காக்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு மலையேறுவார்கள். யோசித்துப் பார்த்தால் இவன் காரணம்தான் நேர்மையானது. அந்த முறைப்பான நாவல்களில் இரண்டையாவது படிக்காமல் இதைத் தொட்டால் பாதி நகைச்சுவை புரியாது.

பாதியில் தீர்ப்பு சொல்வது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

ஆரம்பம் பிரமாதம், மறுக்கவில்லை. சாகாவரம் தேடிச் சேர்ந்த குருகுலத்தில் சியாவ்சுனைச் சமையல்கட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே இருப்பவர்கள் எல்லாம் தொந்தி பெருத்தவர்கள். சீடர்களுக்குப் போக வேண்டிய சாப்பாட்டில் கைவைத்துக் கொழுத்தவர்கள். மாட்டிக்கொள்ளாமல் இன்னும் எப்படிச் சுருட்டலாம் என்ற பேச்சு வரும்போது இவன் ஒரு யோசனை சொல்கிறான்: கிண்ணத்தின் அடியைத் தடிமனாகச் செய்துவிடுவோம், கஞ்சி நிறைந்த மாதிரியே இருக்கும், மிச்சம் நமக்கு. கல்யாணப் பந்தியில் பரிமாறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதில் மயங்கி, நூற்றிருபதாவது அத்தியாயத்திலேயே "சலிப்பே தட்டாது" என்று எழுதினேன். என் மாமா பையன் அதை நம்பிக் காசு கட்டி, இரண்டு மாதம் ராத்தூக்கம் கெட்டுப் படித்தான். எழுநூறைத் தாண்டியதும் போன் செய்தான். "அத்தான், இவன் எந்த ஊருக்குப் போனாலும் இதையேதானே பண்றான்?"

உண்மைதான். புது இடம் போவான், அடிமட்டத்தில் சேர்வான், மாத்திரை காய்ச்சுகிறேன் என்று ஊரையே நாசம் பண்ணுவான், எல்லாரும் துரத்துவார்கள், கடைசியில் அவர்களுக்கே செல்லப்பிள்ளை ஆவான். முதல் தடவை அவன் காய்ச்சியதில் அமில மழை பெய்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். நாலாவது நாசத்தில் உதடுகூட அசையவில்லை. நான் பலம் என்று எழுதியது அத்தனையும் அங்கே பலவீனமாகிக் கிடந்தது. சக்தி ஏற ஏற, அவன் பயத்துக்கும் அர்த்தமில்லாமல் போகிறது. மலையைப் பெயர்ப்பவன் நடுங்கினால் யார் சிரிப்பார்கள்?

இதற்கு எழுத்தாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. சீனத் தொடர் தளங்களில் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் வாசகரிடம் காசு வாங்குவார்கள். தினமும் அத்தியாயம் வந்தாக வேண்டும். ஓடுகிற குதிரையை யார் மாற்றுவார்? மொத்தம் 1,300-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். அதில் நூறு என்பது பந்தியில் வைத்த ஊறுகாய்.

ஆனால் சலிப்பு தட்டியதும் மூடிவைத்து "கதை அவ்வளவுதான்" என்று எழுதுவதும் இதே தப்புதான். செத்துப்போன பாய் ஹாவ் என்பவனின் பெயரைச் சியாவ்சுன் போர்த்திக்கொண்டு திரியும் பகுதி வருகிறது. அந்த இறந்தவனின் ஆன்மாவே பிறகு இவனுக்குச் சீடனாகிறது. கோமாளியாகவே பார்த்துப் பழகியவன் குருவாகி நிற்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தனை அத்தியாயம் சேட்டை பண்ணியவன் என்பதால்தான் அது அப்படித் தைத்தது. இதைப் பலம், பலவீனம் என்று இரண்டு பட்டியலில் எப்படிப் பிரித்துப் போடுவீர்கள்?

பெண் பாத்திரங்களைப் பற்றி மழுப்புவது

மழுப்பாதீர்கள். பலவீனம்தான்.

2020-இல் வந்த அனிமேஷனைப் பார்த்துவிட்டு நாவலுக்கு விமர்சனம் எழுதுவது

வேண்டவே வேண்டாம்.

தம்பியிடம் விமர்சனத்தை ஓரமாக வைத்துவிட்டு மேலே படி என்றேன். நேற்று ராத்திரி ஒரு மணிக்கு ஒரே ஒரு வரி வந்தது: "அண்ணா, மறுபடியும் முதல்லேர்ந்தா?"