ஃப்ரோசன் ஷோல்டர்: புது பிசியோ பசங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

ஃப்ரோசன் ஷோல்டர்னா தோள் மூட்டு வலிச்சு, இறுகி, கை மேல போகாம ஆகறது. இதுல கும்பகோணத்துல எங்ககிட்ட இன்டர்ன்ஷிப் வர்ற ஒவ்வொரு பேட்சும் அதே இடத்துலதான் வழுக்குது, நாங்க வழுக்குன அதே இடம்தான். எக்ஸ்ரே பாக்காம ஆரம்பிக்கிறது மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத விட்டுடுறேன்.

வலி ஸ்டேஜ்லயே கையை இழுக்குறது

இதுல மட்டும் எனக்கு இன்னும் கோவம் அடங்கல. பாபநாசம் பக்கம் கொடிக்கால் வச்சிருக்கற ஒரு அம்மா, வெத்தலை கிள்ள கை மேல போகலன்னு எங்கேயோ காட்டிருக்காங்க, அங்க ஒருத்தர் "பல்லக் கடிச்சுக்கங்கம்மா, வலிச்சாத்தான் விடும்"னு கையை ஒரேயடியா மேல தூக்கிட்டாரு. அன்னிக்கு ராத்திரிலேருந்து தூக்கம் போச்சு. எங்ககிட்ட வரும்போது கையை வயித்தோட அணைச்சுக்கிட்டு வந்தாங்க, நான் தொடப் போனாலே தோள் காதுக்கு ஏறுது. தொட விடுறதுக்கே பல வாரம் ஆச்சு.

முதல் சில மாசம் மூட்டைச் சுத்தி இருக்கற கேப்சூல்ங்கற உறை அழற்சியில கொதிச்சுக்கிட்டு இருக்கும், அப்ப இழுத்தா வலிதான் கூடும், தசையும் இறுகிக்கும். மெதுவா அசைச்சுப் பாருங்க, கை தடுக்கறதுக்கு முன்னாடியே வலி வந்துடுச்சுன்னா மெய்ட்லேண்ட் கிரேட் (மூட்டை நாம அசைக்கற அளவுக்கான படி) 1, 2 தாண்டக் கூடாது, அதாவது தடுப்பு வர்ற வரைக்கும் போகாத மெல்லிசான அசைவு. தடுப்பு முதல்ல வந்து வலி அப்புறமா வந்தா 3, 4 போகலாம், அது தடுப்புக்குள்ள போற அசைவு. மறுநாள் வந்தவுடனே "ராத்திரி தூங்குனீங்களா"ன்னு கேளுங்க, இல்லன்னா நேத்து நீங்க பண்ணது ஜாஸ்தி.

நெதர்லாந்துல 77 பேர வச்சுப் பாத்து 2004ல எழுதுனாங்க: வலிக்குள்ளயே மெதுவா அசைச்சவங்கள்ல 89 சதவீதம் பேருக்கு 2 வருஷத்துல தோள் கிட்டத்தட்ட நார்மல், வலி தாண்டி இழுத்தவங்கள்ல 63தான். அப்புறமும் நோ பெயின் நோ கெயின்னு பேசுனா என்னத்த சொல்ல.

ஸ்காப்புலாவ (தோள்பட்டை எலும்ப) பிடிக்காம அளக்குறது

கை 110 டிகிரி போச்சுன்னு ஃபைல்ல எழுதிடுவாங்க, பாத்தா பாதி தூரம் ஸ்காப்புலாதான் தூக்கிக் குடுத்திருக்கும். ஒரு கையால அத அமுக்கிப் பிடிங்க. அதோட முழங்கைய விலாவுல ஒட்டி வச்சு வெளிப்பக்கம் நீங்களே திருப்பிப் பாருங்க, இந்த நோய்ல பெரும்பாலும் அதுதான் ரொம்பக் குறையும். நீங்க திருப்பும்போது தாராளமா போனா வேற எதையாவது தேடுங்க.

முன்பக்க கிளைடே கதின்னு இருக்கறது

கிளைடுன்னா மூட்டுல எலும்ப ஒரு பக்கமா சறுக்கித் தள்ளுறது. வெளிச்சுழற்சிக்கு, அதாவது கைய வெளிப்பக்கம் திருப்புறதுக்கு, புக்கு முன்பக்கம்னு சொல்லும், ஆனா 2007ல ரெண்டையும் ஒப்பிட்டப்ப பின்பக்க கிளைடுக்குத்தான் நல்லா கூடுச்சு.

சுகர் இருக்கான்னு கேக்காம விடுறது

கேளுங்க.

நெட்டி முறிக்கிறது

வேணாம்.

பதினஞ்சு பயிற்சிய பிரிண்ட் எடுத்துக் குடுக்குறது

நடவு நேரத்துல எவங்க உக்காந்து அதெல்லாம் செய்வாங்க? குனிஞ்சு கையத் தொங்கவிட்டு ஆட்டுறது, சுவத்துல விரலால ஏர்றது, ரெண்டு போதும். அதுக்குப் பதிலா ஜாக்கெட் போடும்போது வலிக்கிற கைய முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது அத கடைசியா எடுக்கணும்னு சொல்லிக் குடுங்க, பாதிப் பேருக்கு அத யாருமே சொன்னதில்ல.