முதல் சனி பக்தி: அந்தப் பதினைந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்

ஐந்து மாதம் முதல் சனிக்கிழமை பூசைக்குப் போய், நன்மை (நற்கருணை) வாங்கி, ஜெபமாலையும் சொல்லிவிட்டு, பக்தி முடிந்தது என்று நினைப்பவர்கள் நம் பங்குகளில் நிறையப் பேர். மாதா கேட்டது அதோடு நிற்கவில்லை, தன்னோடு பதினைந்து நிமிடம் தியானத்தில் இருக்கவும் கேட்டார்.

1917 ஜூலை 13 அன்று போர்ச்சுகலின் பாத்திமாவில் காட்சி கொடுத்தபோதே, முதல் சனிகளில் பரிகார நன்மை கேட்டு வருவேன் என்று மாதா சொல்லியிருந்தார். 1925 டிசம்பர் 10, ஸ்பெயினில் பொந்தேவேத்ரா மடத்தில் இருந்த லூசியாவிடம் (பாத்திமாவில் காட்சி கண்ட மூன்று பிள்ளைகளில் ஒருவர்) மாதா குழந்தை இயேசுவோடு வந்தார். ஒரு கை லூசியாவின் தோளில், மறு கையில் முள் சுற்றிய இருதயம். பரிகாரம் செய்து அந்த முட்களை எடுக்க ஒருவரும் இல்லை என்றார் குழந்தை இயேசு. இந்தப் பக்தியே அந்த முட்களுக்காகத்தான், அதனால் ஒவ்வொன்றையும் தொடங்கும்போது "மாதாவின் மாசற்ற இருதயத்துக்குப் பரிகாரமாக" என்று மனதுக்குள் ஒப்புக்கொடுங்கள்.

சரி, முதலில் நாள். மாதத்தில் முதலாவதாக வரும் சனிக்கிழமை, அது 1ஆம் தேதியாகவும் இருக்கலாம், 7ஆம் தேதியாகவும் இருக்கலாம். பாவசங்கீர்த்தனமும், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதும், இதில் உண்டு, ஆனால் அதே நாளில்தான் என்றில்லை. எட்டு நாள், அதற்கு மேலும் தள்ளியிருக்கலாம், நன்மை வாங்கும்போது சாவான (கனமான) பாவம் இல்லாத நிலையில் இருந்தால் போதும். முதல் வெள்ளிப் பூசைக்குப் போகிறவர்கள் அன்றே செய்துவிடுவது எனக்குத் தெரிந்த சுலபமான வழி. பரிகாரக் கருத்தை மறந்துவிட்டால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்தப் பதினைந்து நிமிடம். இது ஜெபமாலைக்குள் அடங்காது, தனியாகக் கொடுக்க வேண்டியது. "என்னோடு கூட இரு" என்றுதான் மாதா கேட்டார், ஜெபமாலையின் தேவரகசியங்களை, அதாவது இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகளை, தியானித்தபடி. எல்லாவற்றையும் ஓட்டமாக ஓட வேண்டாம், ஒன்று போதும். நான் பூசை முடிந்து கூட்டம் கலைந்து, உபதேசியார் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைக்கும் நேரத்தில் மாதா பீடத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். இயேசு பிறக்கப்போவதை அறிவிக்கக் கபிரியேல் தூதர் வந்து நின்ற அந்த வீட்டை நினைப்பேன், மாதா என்ன செய்துகொண்டிருந்திருப்பார், "ஆகட்டும்" என்று சொல்லும் முன் எவ்வளவு நேரம் மௌனமாக இருந்திருப்பார் என்று. மனம் அலைந்தால் அருள்நிறை மரியே ஒன்று சொல்லி, விட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம்.

ஐந்து மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இடையில் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். சனிக்கிழமை உண்மையிலேயே முடியாதவர்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டு, மறுநாள் ஞாயிறு செய்யலாம்.