வேண்டாத ஓஎஸ்ஸை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ தெரிந்தவரிடமோ வாங்கிய பழைய லப்டொப் சிலவற்றை ஓன் பண்ணினால், விண்டோஸா உபுண்டுவா (லினக்ஸ் வகை), எந்த ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வேண்டும் என்று கேட்கும் மெனு வரும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் பாதி அப்படிப் போனால் யாருக்கும் அதைத் தூக்கிவிடத்தான் தோன்றும். தூக்கலாம். எதை முதலில் தூக்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வழக்கமான தவறு, விண்டோஸின் டிஸ்க் மெனேஜ்மென்ட்டைத் திறந்து உபுண்டு பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்கென ஒதுக்கிய பகுதியை) நேரே அழிப்பது. அந்த நேரம் ஒன்றும் ஆகாது. அடுத்த முறை ஓன் பண்ணும்போது விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில் க்ரப் என்று ஒரு வரி மட்டும் நிற்கும். ஓஎஸ் மெனுவைக் காட்டும் க்ரப்பின் முதல் துண்டு, மெஷின் கிளம்பத் தேவையான கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இன்னும் இருக்கிறது, அது தேடும் மெனுக் கோப்புகளோ நீங்கள் அழித்த இடத்தோடு போய்விட்டன. பதறி விண்டோஸை மறுபடி போட வேண்டாம், அது பத்திரமாகவே இருக்கிறது. எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் மெனுவில் (ஓன் பண்ணியதும் அழுத்த வேண்டியது டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப் 12, எச்பியில் எஃப் 9) விண்டோஸ் பூட் மெனேஜரைத் தெரிவு செய்தால் வரும்.

எனவே முதலில் பயோஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புகளுக்குள்) போய் விண்டோஸ் பூட் மெனேஜரை பூட் வரிசையின் மேலே ஏற்றுங்கள். மெனு இல்லாமல் விண்டோஸ் நேரே வருகிறதா என்று பார்த்த பிறகு பார்ட்டிஷனை அழியுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் இருக்கும் உபுண்டு கோப்புறையைக் கடைசியில் நீக்கினால் போதும். இஎஃப்ஐ இல்லாத பழைய பயோஸ் முறையில் ஓடும் மெஷின் என்றால் விண்டோஸ் இன்ஸ்டோல் யுஎஸ்பியில் பூட் பண்ணி, பூட்ரெக் கட்டளையால் எம்பிஆரை (டிஸ்க்கின் தொடக்கத்திலுள்ள பூட் பகுதியை) திருத்த வேண்டும்.

பிட்லொக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் பயோஸைத் தொடுமுன் அதை சஸ்பென்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். செகண்ட் ஹேண்ட் மெஷினில் அந்தச் சாவி முந்தைய உரிமையாளரின் மைக்ரோசொஃப்ட் கணக்கிலும் இருக்கலாம்.

இடம் கிடைக்கும் என்று இஎஃப்ஐ பார்ட்டிஷனையே அழிப்பவர்களும் உண்டு. பல மெஷின்களில் அது வெறும் 100 எம்பி. அது போனால் விண்டோஸ் எழும்பாது.

இரண்டு விண்டோஸ் இருக்கும் மெஷினில் வில்லங்கம் வேறு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலே புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டிருந்தால், பூட் கோப்புகள் பெரும்பாலும் பழைய டிஸ்க்கிலேயே தங்கியிருக்கும். அதை ஃபோர்மட் செய்தால் புதியதும் கிளம்பாது. டிஸ்க் மெனேஜ்மென்ட்டில் இஎஃப்ஐ அல்லது சிஸ்டம் என்ற குறிப்பு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழையதில் என்றால், எஸ்எஸ்டியில் சின்னதாக ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் அமைத்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை அதில் எழுதுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓன் பண்ணிப் பார்த்தபின் ஃபோர்மட் செய்யுங்கள். மெனுவில் மிஞ்சும் பழைய பெயரை எம்எஸ்கொன்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியின் பூட் பக்கத்தில் நீக்கலாம்.

அழித்த இடத்தை சி டிரைவோடு சேர்க்கப் போனால் எக்ஸ்டென்ட் வொல்யூம் என்ற தெரிவு பல நேரம் அழுத்த முடியாமல் மங்கிக் கிடக்கும். காலி இடம் சி-க்கு வலப்பக்கத்தில் ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் (விண்டோஸைச் சரிசெய்யும் கோப்புகள் உள்ள பகுதி) குந்தியிருந்தால் விண்டோஸால் அதை நகர்த்த முடியாது. பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டெட் மென்பொருளின் லைவ் யுஎஸ்பியால் (நேரே பூட் ஆவது) நகர்த்தலாம், ஆனால் பாதியில் மின்சாரம் போனால் தரவு நாசம். பெட்டரி செத்த லப்டொப்பிலும் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பிலும் அந்த வேலையே வேண்டாம். காலி இடத்தைத் தனி டிரைவாக்கிப் படங்களையும் டவுன்லோட்களையும் அங்கே மாற்றினாலே சி-யில் இடம் வரும்.

அப்டேட்டுக்குப் பிறகு கிடக்கும் விண்டோஸ் ஓல்ட் கோப்புறையை (முந்தைய விண்டோஸ் பதிப்பின் கோப்புகள்) கையால் அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்று மல்லுக்கட்டும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக நீக்குங்கள். நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை.