"நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு?" – கரையில் நாம் செய்யும் தவறுகள்

என் பெரியப்பா பாம்பனில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்தவர். கையில் வைத்திருந்த ஜிபிஎஸ் கருவியின் திரை மங்கிப்போனதும், அதை ஒரு கடையில் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினார். கொடுத்த கருவிக்குள் அவர் வருடக்கணக்காகச் சேர்த்த பாயிண்டுகள், அதாவது கடலில் குறித்து வைத்த இடங்கள், அப்படியே இருந்தன. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மாதம் மீன் நிற்கும், எந்த இடத்தில் வலை கிழியும், எல்லாமே அதற்குள் இருந்தன. சில மாதம் கழித்து அவர் வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போனால், முன்பின் தெரியாத இரண்டு படகுகள் அதே பாரின் மேல் வலை போட்டுக்கொண்டிருந்தன. அன்று வீட்டுக்கு வந்தவர் ராத்திரி வரை யாரிடமும் பேசவில்லை.

சொந்த மச்சானிடம்கூட பாயிண்ட் சொல்லாதவர் அவர். ஆனால் கரையேறிவிட்டால் ஆதார் அட்டை, பாஸ்புக், ஓடிபி வந்த போன் என்று யார் எதைக் கேட்டாலும் நீட்டிவிடுவார். ஏன் என்றால், "நம்மகிட்ட ஒளிக்க என்னப்பா இருக்கு? திருடுனமா, கொள்ளையடிச்சமா?" என்பார். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் எங்கே போனாலும் இந்தப் பதிலைக் கேட்கலாம். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அந்தரங்கம் என்பது குற்றத்தை மறைப்பது என்று நினைப்பதுதான் முதல் தவறு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அந்தரங்கம் என்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சி எடுக்கக் கூடாது. பெரியப்பாவின் பாயிண்டுகள் பெரியப்பாவுடையவை. அவர் அதை மறைத்ததால் திருடனாகிவிடவில்லை. தீர்ப்பு சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். யார் என்னிடம் எந்த விவரம் கேட்டாலும் இந்த மூன்றையும் நான் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

படகில் பொருத்தும் கருவி

இன்றைக்கு நம் கரையில் அதிகம் பேசப்படுவது டிரான்ஸ்பாண்டர். 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த தேசியத் திட்டம் அது. 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்குப் படிப்படியாகப் பொருத்துவார்கள். செலவு சுமார் 360 கோடி ரூபாய். தொழில்நுட்பம் இஸ்ரோவுடையது. செயற்கைக்கோள் வழியாக வேலை செய்வதால் செல்போன் டவர் தேவையில்லை. கரையும் படகும் செய்தி பரிமாறிக்கொள்ளலாம். ஆபத்து என்றால் சொல்லலாம். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கையும் வரும்.

இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு பக்கம், "இது நம்மை வேவு பார்க்க வைத்த பெட்டி" என்று சொல்லிக் கருவியை அணைத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகளுக்குத் தகவல் போய்ச் சேர வழியில்லை. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை நோக்கி வந்த ரயிலையே கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கரையிலிருந்து ஒரு வார்த்தை வந்து சேருவது உயிர்க்காரியம். அந்தப் பெட்டியை அணைக்கவே கூடாது.

இன்னொரு பக்கம், எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறவர்கள். இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது, அதனால் இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. உயிரைக் காக்கிற அதே பெட்டி, நாம் எங்கே நின்றோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்பதையும் சொல்லும். நம் கடலில் அது சாதாரணத் தகவல் இல்லை. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு தண்ணீருக்குள் எங்கே ஓடுகிறது என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஒரு படகு பிடிபட்டால், அது எங்கே நின்றது என்பதுதான் முதல் கேள்வி. பதிவு நம் பையனைக் காப்பாற்றும் சாட்சியாகலாம், அவனுக்கு எதிராகவும் நிற்கலாம். அந்தப் பதிவை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்? எந்தெந்தத் துறை பார்க்கலாம்? படகு உரிமையாளர் கேட்டால் நகல் தருவார்களா? கடலுக்குப் போகத் தரும் அனுமதி டோக்கனையோ மானிய டீசலையோ நிறுத்த அதைப் பயன்படுத்துவார்களா? இதையெல்லாம் கேட்பதால் யாரும் தேசத்துக்கு விரோதியாகிவிட மாட்டார்கள். கருவியை வாங்கிக்கொண்டே கேட்கலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்புறம், டிரான்ஸ்பாண்டரையும் ஏஐஎஸ்ஸையும் ஒன்றாக நினைத்துப் பேசுகிறார்கள். ஏஐஎஸ் என்பது கப்பலில் இருக்கும் வேறொரு கருவி, அது கப்பலின் இருப்பிடத்தை வானொலி அலையில் எல்லோருக்கும் அறிவிக்கும். அதை வாங்கும் கருவி வைத்திருக்கும் எந்தக் கப்பலும் பார்க்கலாம், இணையத்தில் வரைபடமாகவும் பார்க்கலாம். மோதலைத் தவிர்க்க வந்தது அது, அதனால் திறந்து இருப்பதுதான் அதன் வேலை. டிரான்ஸ்பாண்டரின் தகவல் செயற்கைக்கோள் வழியாகக் கரையிலுள்ள மையத்துக்குப் போகிறது. எதை எதிர்க்கிறோம், எதைக் கேட்கிறோம் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் நம் கேள்வியை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

எந்தக் கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசின் 1093 இரண்டும் படகில் இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். விஎச்எஃப் வானொலிக் கருவி இருந்தால் ஆபத்துக்கு 16ஆவது சேனல். அதில் வீட்டுக்கதை பேசுவதும் ஒரு தவறுதான். பக்கத்துப் படகு முழுகும் நேரத்தில் அந்த வழி அடைபட்டுப்போகும்.

"பதியல, இன்னொரு தடவை வைங்க"

என் அத்தை கடல்பாசி எடுக்கப் போகிறவர். தீவுகளை ஒட்டிய பாறைகளில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் போவார்கள், ஆனாலும் உப்பும் பாறையும் ரேகையைத் தின்றுவிடும். அத்தையின் வலது ஆள்காட்டி விரல் தேய்ந்த கல் மாதிரி வழவழவென்று இருக்கும்.

ஒரு நாள் ஊரில் ஆதார் கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் ஒருவரிடம் 1,000 ரூபாய் எடுக்கப் போனார். விரலை வைத்தார். "பதியல, இன்னொரு தடவை வைங்க" என்றார் அவர். வைத்தார். "எண்ணெய் இருக்கு, துடைச்சிட்டு வைங்க." வைத்தார். நான்காவது தடவை பணம் வந்தது. போன் மகனிடம் இருந்தது, அவன் கடலில் இருந்தான். பத்து நாள் கழித்து பாஸ்புக்கில் பதிவு போட்டபோது, அன்றைக்கு இரண்டு தடவை 1,000 ரூபாய் கழிந்திருந்தது. எந்தத் தடவை உண்மையிலேயே பதியவில்லை, எந்தத் தடவை பதிந்தது என்று அத்தையால் எப்படிச் சொல்ல முடியும்?

இதில் தவறு அத்தையுடையது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் செய்யக்கூடியது சில உண்டு. ஒவ்வொரு தடவை விரல் வைக்கும் முன்பும் திரையில் தொகை என்ன என்று பாருங்கள், படிக்கத் தெரியாவிட்டால் கூட ஒரு பிள்ளையைக் கூட்டிப்போங்கள். பதியவில்லை என்றால் அதற்கும் ஒரு ரசீது கேளுங்கள். கணக்கோடு இணைத்த போன் எண் கரையில் இருப்பவரிடம் இருக்கட்டும். ஆதார் ஆணையத்தின் செயலியிலோ தளத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கலாம். ரேஷனுக்கோ பணம் எடுக்கவோ போகும்போது மட்டும் திறந்துகொண்டால் போதும். பூட்டியிருக்கும்போது உங்கள் ரேகையின் அச்சை யாராவது வைத்திருந்தாலும் பயன்படாது. அத்தைக்கு இதை நான்தான் செய்து கொடுத்தேன். வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பிள்ளைகளின் வேலை இது.

ரேகை பதியாததால் ரேஷனோ உதவித்தொகையோ இல்லை என்று சொன்னால் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவது இன்னொரு தவறு. அந்த ஒரே காரணத்துக்காகப் பயனாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது, மாற்றுவழி வைத்திருக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கருவிழிப் பதிவு உண்டா, போன் ஓடிபி உண்டா, பதிவேட்டில் எழுதிக் கொடுப்பீர்களா என்று நின்று கேளுங்கள்.

நகல்

ஒருமுறை பஸ் ஸ்டாண்ட் பக்கம் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால் ஒரு பெண்ணின் ஆதார் நகல். படம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, 12 இலக்கமும் எண்ணெயில் ஊறித் தெளிவாகத் தெரிந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தேன். அவர் எங்கே, எதற்காகக் கொடுத்த நகலோ தெரியாது.

அடையாளம் கேட்கும் எல்லா இடத்திலும் ஆதார்தான் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் விடுதி எடுத்தால் ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ காட்டலாம். தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தம் என்ற பெயரில் ஆதாரைக் கேட்க வழிவிட்ட ஆதார் சட்டத்தின் 57ஆவது பிரிவை அந்த அளவில் உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. கொடுத்தே தீர வேண்டும் என்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை எடுத்துக் கொடுங்கள். நகலின் மேல் குறுக்காகத் தேதியையும் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் பேனாவால் எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுத்தால், வெளியே வரும் முன் அவர்கள் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள்.

தடைக்காலத்தில் வரும் அழைப்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். கையில் காசு இருக்காது, எல்லோர் கண்ணும் நிவாரணத் தொகை மேல் இருக்கும். அந்த நேரத்தில் "உங்கள் நிவாரணம் நிற்கிறது, வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று வரும் குரலுக்கு ஏமாறுவது எளிது. வாட்ஸ்அப் குழுவில் அரசுத் திட்டத்தின் பெயரில் வரும் ஏபிகே கோப்பும் (போனில் செயலியை நிறுவும் கோப்பு) இதே வகைதான். தொட்டு நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளை அது படிக்க ஆரம்பிக்கும், அப்புறம் ஓடிபியை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

பணம் போனபிறகு நடப்பது அதைவிடப் பெரிய தவறு. ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று நாலைந்து நாள் வாயைத் திறப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை இதில் முக்கியம். வங்கியின் தவறும் இல்லை, நம் தவறும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நஷ்டம் நம் தலையில் விழாது. நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930, உடனே வங்கி. அழுவதெல்லாம் அப்புறம்.

சிறிய விஷயங்கள் சில. தனுஷ்கோடி முனையில் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடிக்கும், ரோமிங்கை அணைத்து வையுங்கள். யாரோ மலிவாகத் தரும் சாட்டிலைட் போனை வாங்காதீர்கள், உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே வழக்கு. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. பாம்பன் பாலத்தைப் படம் எடுக்க டிரோன் கொண்டுவரும் தம்பிகள் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது.

கேட்டால் என்ன ஆகும்?

"அரசாங்கம் முடிவு பண்ணிட்டா நாம என்ன செய்ய முடியும்" என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 2025 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். புதிய போன்களில் எல்லாம் சஞ்சார் சாத்தி செயலியைக் கட்டாயம் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது தெரியவந்ததும் நாடு முழுக்கக் கேள்வி கேட்டார்கள். டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றார்கள். செயலி நல்லதுதான். தொலைந்த போனை முடக்கலாம், நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம், நானே வைத்திருக்கிறேன். விரும்பிப் போடுவது வேறு, திணிப்பது வேறு.

2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்துவிடுவதும் தவறு. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அறிவிக்கை வெளியிட்டு அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தர 17ஆவது பிரிவில் வழி இருக்கிறது. படகுப் பெட்டியின் பதிவை வைத்திருப்பதும் அரசு அமைப்புதானே. அதனால்தான் அந்தக் கேள்விகளை நாமே எழுப்ப வேண்டியிருக்கிறது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர் கூட்டம் நடக்கிறது. கிராம சபையில் தீர்மானம் போடலாம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதாதீர்கள், அதற்குப் பதிலும் பொதுவாகத்தான் வரும். "எங்கள் படகின் இருப்பிடப் பதிவு எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது? அதைப் பார்க்க அனுமதியுள்ள துறைகள் எவை? அதற்கான அரசாணையின் எண்ணும் தேதியும் என்ன?" என்று கேள்வி கேள்வியாக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் சீல் வைத்துத் தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள்.