நிலவின் சிதறல் அடுக்கு எந்தக் குழியிலிருந்து வந்தது எனக் கண்டறிவது எப்படி?

விண்கல் மோதிக் குழி உண்டாகும்போது வெளியே தெறித்துப் படியும் பொருளே சிதறல். அது வந்த மூலக் குழியைத் தேடுவதற்கு முன், கண்ணெதிரே இருப்பது மோதல் சிதறல்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 இறங்கிய டெகார்ட் மேட்டுநிலம் எரிமலைப் பாறையாலானது என்றே பலர் எதிர்பார்த்தனர். ஆனால் அங்கிருந்து வந்த கற்களில் பெரும்பாலானவை மோதலில் நொறுங்கி மறுபடியும் இறுகிய பிரெச்சியாக்கள்.

அடுத்தது திசை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது எடுத்த படங்களில், பெருங்குழியிலிருந்து தெறித்த கற்கள் தோண்டிய இரண்டாம் நிலைக் குழிகள் சங்கிலிபோல் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கிடையே உள்ள 'வி' வடிவ வரப்புகளின் கூர்முனை மூலக் குழியின் பக்கம் நோக்கியிருக்கும். பல சங்கிலிகளைப் பின்னோக்கி நீட்டி, அவை சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால், தொலைவு கூடக்கூடப் பிழையும் பெருகும். கோளத்தின் மேல் பெருவட்டமாகவே, அதாவது கோளத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தின் வழியாகவே நீட்ட வேண்டும்.

திசை பொருந்தினாலும் தடிமன் பொருந்தாமல் போகலாம். குழியின் மையத்திலிருந்து உள்ள தொலைவு இரு மடங்கானால் சிதறலின் தடிமன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும் என்பது பொதுவாகப் பயன்படும் கணக்கு. ஏறத்தாழ 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கசு என்ற நிலவுக் குழிக்கு இதைப் பயன்படுத்தினால், விளிம்பில் சில நூறு மீட்டர் இருக்கும் படிவு, சுமார் 370 கிலோமீட்டர் தொலைவில் ஒரு மீட்டருக்கும் கீழே மெலிந்துவிடுகிறது. ஆகவே அவ்வளவு தொலைவில் பல மீட்டர் தடிமனான அடுக்கு இருந்தால், அது முழுவதையும் அந்தக் குழியின் கணக்கில் எழுத முடியாது.

வேதியியல் சான்றைக் கையாள்வதில்தான் நிதானம் தேவை. விழும் கற்கள் தரையைத் தோண்டி உள்ளூர் மண்ணையும் கலக்கிவிடுவதால், தொலைவு கூடக்கூட வந்த பொருளின் பங்கு குறைகிறது. எனவே அடுக்கின் சராசரி வேதி அமைப்பை மட்டும் நம்பாமல், சுற்றுப்புறத்தில் இல்லாத ஒரு கூறைத் தேட வேண்டும். நிலவின் மாபெரும் மோதல் பள்ளமான இம்ப்ரியம் படுகையின் சிதறலுக்கு, தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் மிகுந்த பாறை நல்ல அடையாளம். 2019-இல் சீனாவின் சாங்'இ 4 விண்கலம் இறங்கிய வான் கார்மன் குழியின் அடித்தளம் எரிமலைக் குழம்பால் நிரம்பியது. ஆயினும் அதன் ஊர்தி மேற்பரப்பில் அளந்த நிறமாலை, வடகிழக்கிலுள்ள ஃபின்சன் குழியின் சிதறலையே சுட்டியது.

கடைசியாக வயது. அப்பல்லோ 12 மண்ணில், மோதல் வெப்பத்தால் கதிரியக்கக் கடிகாரம் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிய துகள்கள் சுமார் 80 கோடி ஆண்டுகளைக் காட்டியதால்தான், அவ்வழியே செல்லும் கோப்பர்நிக்கசின் கதிர்க்கோட்டுடன் (குழியிலிருந்து நீளும் வெளிர் சிதறல் பட்டை) சேர்த்து அக்குழியின் வயதாக அது கொள்ளப்படுகிறது. மாதிரி கையில் இல்லையெனில், அடுக்கின் மேல் விழுந்த சிறு குழிகளை எண்ணி வயதை மதிப்பிடலாம். அப்போது முன்பு சொன்ன சங்கிலிக் குழிகளை எண்ணிக்கையிலிருந்து கவனமாக நீக்கிவிட வேண்டும், இல்லையேல் அடுக்கு உண்மையைவிட முதியதாகத் தோன்றும்.