ஒஹாயோ கொலம்பஸில் வீடு பிடிக்கும் முன்: முகவரி ஒன்று, ஊர் ஒன்று, பள்ளி வேறொன்று

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸுக்கு வேலை மாற்றி வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "டப்ளின் நல்லதா, பவல் நல்லதா?" என்பதுதான். இரண்டும் கொலம்பஸின் புறநகர்கள். ஊர்ப் பெயரை வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே வீட்டுக்குத் தபால் ஊர், நகராட்சி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின் எல்லை), கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல) என்று நான்கு கோடுகள் உண்டு; நான்கும் நான்கு பக்கம் ஓடும். நம்மூரில் தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு, ஃபீஸும் வேன் காசும் கட்டி, பிள்ளையை அடையாறுக்கு அனுப்பலாம். இங்கே அரசுப் பள்ளியை வீட்டு எண் முடிவு செய்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு "நீங்கள் எங்கள் டிஸ்ட்ரிக்ட் இல்லை" என்று பள்ளி சொன்னால், அந்த வருடம் போனது போனதுதான்.

அரசு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 நகல். ஓட்டுநர் உரிமத்துக்கு 40 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு. 30 சரியாக இருக்க வேண்டும். சாலைத் தேர்வோடு ஒஹாயோவுக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு: 9 அடி அகலம், 20 அடி நீளக் கட்டத்தில் இருந்து முன்னால் போய், எதிரே நிற்கும் கம்பத்தை ஒரு பக்கமாகச் சுற்றி நிறுத்தி, அதே வழியில் பின்னால் கட்டத்துக்குள் வர வேண்டும். கம்பத்தைச் சாய்த்தால் ஃபெயில். சென்னை டிராஃபிக்கில் பதினைந்து வருடம் ஓட்டியவர்களும் இதில் கவிழ்கிறார்கள். முதல் முறை தவறினால் பெரியவர்களுக்கும் ஒரு குறும்பயிற்சி கட்டாயம். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் சின்னம்மை இரண்டு டோஸும் எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) இரண்டு டோஸும் இருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். நம் அரசு அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லை, எம்எம்ஆருக்குப் பதில் புட்டாளம்மை சேராத எம்ஆர்தான். அவ்வளவுதான்.

இனி எல்லைக் கதை. இது ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றும்.

கொலம்பஸ் தானாக வளர்ந்த ஊர் இல்லை. தலைநகரத்துக்கென்றே கோடு போட்டு உண்டாக்கிய ஊர். சில்லிக்கோத்தியும் சேன்ஸ்வில்லும் மாறி மாறித் தலைநகராக இருந்த காலத்தில், 1812இல் நான்கு நில உரிமையாளர்கள் மாநிலத்துக்கு ஒரு பேரம் வைத்தார்கள். சயோட்டோ ஆற்றின் கிழக்கே உயரமான கரையில் சட்டமன்றத்துக்கு 10 ஏக்கர், சிறைச்சாலைக்கு 10 ஏக்கர், அதோடு 50,000 டாலர் வரை செலவில் கட்டடங்களும் தருவோம் என்றார்கள். எதிர்க்கரையில் 1797 முதலே ஃபிராங்க்ளின்டன் என்ற ஊர் இருந்தது. அது தாழ்வான இடம், வெள்ளம் வரும். பேரம் படிந்து, 1816இல் அரசு இங்கே குடிவந்தது. ஹை ஸ்ட்ரீட்டும் பிராட் ஸ்ட்ரீட்டும் வெட்டும் முனையில் நிற்கும் சுண்ணாம்புக்கல் சட்டமன்றக் கட்டடம் 1839இல் தொடங்கி 1861இல்தான் முடிந்தது. நடுவில் தலைநகரையே வேறு ஊருக்கு மாற்றலாமா என்ற சண்டையில் வேலை பல வருடம் நின்றுபோனது. அடித்தளம் போட்டதில் பெரும்பங்கு சிறைக் கைதிகளுடையது. வீட்டு எண்கள் இன்றும் இந்த முனையிலிருந்துதான் தொடங்குகின்றன. முகவரியில் 'நார்த்', 'சவுத்' விட்டுப்போனால் பார்சல் ஊரின் மறுகோடிக்குப் போய்விடும்.

ஃபிராங்க்ளின்டனைப் பற்றிய பயம் வீண் இல்லை. 1913 வெள்ளத்தில் நகரில் 90க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அந்த மேற்குக் கரையில். வெள்ளத் தடுப்புச் சுவர் 2004இல்தான் முடிந்தது. இப்போது அங்கே புது அபார்ட்மென்ட்டுகள் எழுகின்றன. வீடு வாங்குவதாக இருந்தால் அந்த இடத்துக்கான வெள்ள வரைபடத்தையும் காப்பீட்டுக் கட்டணத்தையும் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

நம் தலைவலிக்கு விதை விழுந்தது 1950களில். மற்ற அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் வேலி போட்டது போல் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். 1954இல் மேயரான ஜாக் சென்சன்பிரென்னர் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது: தண்ணீர். சயோட்டோவில் கிரிக்ஸ், ஓஷானசி அணைகள் நகரத்துடையவை. 1955இல் ஹூவர் அணையும் சேர்ந்தது. குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் வேண்டுமா, உங்கள் நிலத்தை நகரத்தோடு சேருங்கள் என்பதுதான் கொள்கை. வயல்வெளிகளை மனைகளாக்கிய பில்டர்கள் வரிசையில் வந்து சேர்த்தார்கள். 1950இல் சுமார் 39 சதுர மைல் இருந்த நகரம் இன்று 220 சதுர மைலைத் தாண்டிவிட்டது. பெக்ஸ்லி, வைட்ஹால், 1803லேயே உருவான வொர்திங்டன் எல்லாம் கொலம்பஸின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்ட தனி நகரங்கள். 2020 கணக்குப்படி மாநிலத் தலைநகரங்களில் ஃபீனிக்ஸுக்கும் ஆஸ்டினுக்கும் அடுத்த பெரிய ஊர் இதுதான். மக்கள்தொகை 9,05,748.

ஆனால் நிலம் நகரத்தோடு சேர்ந்தபோது பள்ளி கூடவே சேரவில்லை. 1950களின் நடுவில் சட்டம் மாறி, பள்ளி எல்லையை மாற்ற மாநிலக் கல்வி வாரியத்தின் அனுமதி தேவைப்பட்டது. நகரம் விரிந்தது; பல இடங்களில் பள்ளி எல்லை பழைய கோட்டிலேயே நின்றது. 1977இல் கொலம்பஸ் பள்ளிகள் இன அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1979இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பள்ளிகளைக் கலக்கும் திட்டம் தொடங்கியதும், வசதியுள்ள வெள்ளைக் குடும்பங்கள் பல "கொலம்பஸ் நகரம், ஆனால் புறநகர்ப் பள்ளி" என்ற இடங்களைத் தேடிப் போயின. பில்டர்களும் அங்கேயே கட்டினார்கள். 1986இல் 'வின்-வின்' என்ற ஒப்பந்தம் வந்தது: பழைய பகுதிகள் புறநகர் டிஸ்ட்ரிக்ட்டுகளிடமே இருக்கும், அவை வரி வருவாயில் ஒரு பங்கை கொலம்பஸ் பள்ளிகளுக்குத் தரும், அதற்குப் பிறகு நகரத்தோடு சேரும் நிலம் கொலம்பஸ் பள்ளிகளுக்கே. ஆக, ஒரு மனை எந்த வருடம் நகரத்தோடு சேர்ந்தது என்பதைப் பொறுத்து எதிரெதிர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு பள்ளிக்குப் போகலாம்.

தபால் துறைக்கு இதெல்லாம் கவலையே இல்லை. அது தன் வசதிக்கு ஜிப் எண் (நம்மூர் பின்கோடு போல) கொடுக்கிறது. 'டப்ளின் 43016' என்று வரும் வீடுகளில் பல கொலம்பஸ் நகர எல்லைக்குள் இருக்கின்றன. ஹேடன் ரன் பக்கம் அதே முகவரியில் ஹில்லியர்ட் பள்ளி வரும். சாமில் ரோட்டுக்குக் கிழக்கே 'கொலம்பஸ் 43235' என்ற முகவரியில் டப்ளின் பள்ளியும் உண்டு, வொர்திங்டன் பள்ளியும் உண்டு. 'வெஸ்டர்வில் 43081' என்றால் வெஸ்டர்வில் பள்ளி என்று அர்த்தம் இல்லை. கொலம்பஸ் பள்ளியாகவும் இருக்கலாம். பொலாரிஸ் என்ற பகுதி இன்னும் விசித்திரம்: கொலம்பஸ் நகரம், டெலவேர் கவுண்டி, ஒலன்டாஞ்சி பள்ளி. விளம்பரத்தில் 'டப்ளின்' என்று கொட்டை எழுத்தில் போடும் லீசிங் ஆபீஸ் (அபார்ட்மென்ட்டை வாடகைக்கு விடும் அலுவலகம்), எந்த டப்ளின் என்று கேட்டால்தான் வாய் திறக்கும்.

பள்ளியில் தப்பித்தவர்களும் நகர வருமான வரியில் மாட்டிக்கொள்கிறார்கள். கூட்டாட்சி வரி, மாநில வரிக்கு மேல் ஒஹாயோவில் ஊர்களும் சம்பளத்தில் வரி எடுக்கின்றன. கொலம்பஸ் 2.5 சதவீதம், டப்ளின் 2 சதவீதம். கம்பெனி பிடிப்பது வேலை செய்யும் ஊருக்கு. குடியிருக்கும் ஊருக்கு மீதியைக் கட்டுவது உங்கள் பொறுப்பு. டப்ளினில் அலுவலகம், 'டப்ளின்' தபால் முகவரியில் வீடு, ஆனால் வீடு இருப்பது கொலம்பஸ் எல்லைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் டாலர் சம்பளத்துக்கு டப்ளினுக்கு 2,000 பிடித்திருப்பார்கள். கொலம்பஸுக்கு இன்னும் 500 பாக்கி. யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து எல்லா வருடத்துக்கும் சேர்த்துக் கடிதம் வரும். கட்டாத வரிக்கு 15 சதவீதம் அபராதம், அதற்கு மேல் வட்டி.

கணக்கு போடும்போது, வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் டபிள்யூ-2 தாளில் 5ஆம் கட்டத்தைப் பாருங்கள், 1ஆம் கட்டத்தை அல்ல. ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-யில் போட்ட பணம் இந்த வரிக்குக் கழியாது. எந்த ஊருக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பது 18 முதல் 20 வரையுள்ள கட்டங்களில் இருக்கும். வங்கி வட்டி, டிவிடெண்டுக்கு நகர வரி இல்லை. ஆனால் சென்னையில் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருந்தால், செலவு போக அந்த லாபம் கணக்கில் வரும். பலர் மறப்பது இதைத்தான். கொலம்பஸுக்கு ஐஆர்-25 என்ற படிவம். வருடப் பாக்கி 200 டாலரோ அதற்கு மேலோ வரும் என்றால் காலாண்டுக்கு ஒரு முறை முன்பணம் கட்ட வேண்டும். டவுன்ஷிப்பில், அதாவது எந்த நகராட்சியிலும் சேராத பகுதியில், வீடு என்றால் குடியிருப்புக்கு நகர வரியே கிடையாது. அங்கிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறீர்கள், கம்பெனியோ அலுவலக ஊருக்கு முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கிறது என்றால், வீட்டிலிருந்து வேலை செய்த நாள்களுக்கான பணத்தை மூன்று ஆண்டுக்குள் திரும்பக் கேட்கலாம். கம்பெனியின் கையெழுத்து வேண்டும், நாள் கணக்கை அப்போதைக்கப்போது குறித்து வையுங்கள். பெக்ஸ்லி, ரெனால்ட்ஸ்பர்க், கேனல் வின்செஸ்டர் போன்ற சில டிஸ்ட்ரிக்ட்டுகள் பள்ளிக்கென்று தனி வருமான வரியும் வைத்திருக்கின்றன. அது எஸ்டி 100 படிவம், நகர வரியோடு சேராது.

சரிபார்ப்பது அரை மணி நேர வேலை. முதலில் சொத்துப் பதிவுகளை வைத்திருக்கும் கவுண்டி ஆடிட்டர் இணையதளத்தில் வீட்டு முகவரியைத் தட்டுங்கள். ஃபிராங்க்ளின், டெலவேர், யூனியன் மூன்றுக்கும் தனித்தனித் தளம். ஒன்றில் வரவில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள். வரும் பக்கத்தில் வரி மாவட்டம், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டு வரிகள் இருக்கும். தபால் ஊரை விட்டுவிட்டு அவற்றைப் பாருங்கள். அடுத்து மாநில வரித்துறையின் 'ஃபைண்டர்' தேடலில் அதே முகவரியைப் போட்டு, நகர வரி விகிதத்தையும் நான்கு இலக்க டிஸ்ட்ரிக்ட் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மாநில வரிப் படிவத்தில் அந்த எண்ணைக் கேட்பார்கள். மூன்றாவது, டிஸ்ட்ரிக்ட் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டு எந்த எலிமென்டரி (தொடக்கப் பள்ளி) என்று கேளுங்கள். பெரிய அபார்ட்மென்ட் வளாகம் என்றால் லீசிங் ஆபீஸ் முகவரியைச் சொல்லாதீர்கள், நீங்கள் இருக்கப்போகும் கட்டடத்தின் எண்ணைச் சொல்லுங்கள். வீடு விற்கும் செயலிகள் காட்டும் பள்ளிப் பெயரை நம்ப வேண்டாம். எலிமென்டரி எல்லைகள் புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் மாறும், ஒலன்டாஞ்சி போல வேகமாக வளரும் இடங்களில் இன்னும் அடிக்கடி.

பள்ளியில் சேர்க்கப் போகும்போது நீங்களும் வீட்டுக்காரரும் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பெற்றோர் அடையாள அட்டை வேண்டும். நண்பர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால், நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று அவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழியை டிஸ்ட்ரிக்ட் கேட்கும். அவர் பெயரில் உள்ள கரண்ட் பில்லை மட்டும் கொண்டுபோய்ப் பயன் இல்லை.

புது வீடு வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று: ஒஹாயோவில் சொத்து வரி ஒரு வருடம் பின்தங்கி வரும். முதல் பில் காலி மனைக்கான மதிப்பில் சில நூறு டாலராக இருக்கும். வீடு மதிப்பிடப்பட்ட பிறகு அது ஆயிரங்களாகும். வங்கி அந்தப் பழைய பில்லை வைத்து எஸ்க்ரோ (சொத்து வரிக்காக மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) கணக்குப் போட்டால், அடுத்த வருடம் மாதத் தவணை ஒரேயடியாக ஏறும். பில்டரிடம் கேட்காதீர்கள், அதே தெருவில் இரண்டு வருடம் முன்பு கட்டிய வீட்டின் வரியை ஆடிட்டர் தளத்தில் பார்த்து, அந்தத் தொகையை வைத்து எஸ்க்ரோ போடச் சொல்லி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.